முகிலில் வைத்த ஏடும் அதனைக் காக்கும் கண்ணும்

மட்டக்களப்பு வாவியில் மீன்கள் பாடுகின்றன என்னும் செய்தியை அறியாதார் இந்நாட்டிலே அரியர். 1950களில் லாங் என்னும் இயேசுசபைக் குருவானவர் அவ்வொலியைப் பதிவு செய்தார். இலங்கை வானொலியில் அது ஒலிபரப்பப்பட்டதும் உண்டு. அது மீனின் ஒலியா, சிப்பி நத்தை முதலியவற்றின் ஒலியா என்னும் ஆராய்ச்சிக்குள் நான் இப்பொழுது புகவில்லை. அதனைக் கேட்கும் முறையையே நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகின்றேன். நிலாக் காலத்து இரவில், கல்லடிப் பாலத்தின் அயலிலே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் ஆழ்த்துவார்கள். மறு முனையைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்பார்கள். நீரின் மேற்பரப்பில் ஓர் அசைவும் தெரியாது. உள்ளே ஒலி நிகழ்ந்துகொண்டேயிருக்கும். ஆயினும் துடுப்பைப் பிடித்துக் காது கொடுப்பவன் ஒருவன் இல்லையாயின், அவ்வொலி இருந்தும் இல்லாததே.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயமும் அத்தகையதே. கணினித் துறையார் ‘முகில்’ என்று வழங்கும் இடத்திலே பிரயோக மென்பொருள்கள் இரவும் பகலும் இயங்குகின்றன. அவற்றுக்குள் யார் வருகிறார், எதனைத் தொடுகிறார், எதனை எடுத்துச் செல்கிறார் என்பவற்றை இடையறாது கண்காணிக்கும் முறை ஒன்று உண்டு. அம்முறையைப் பற்றியே பேசப் புகுகின்றேன். இது பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர்க்கு மாத்திரம் உரியதன்று. பிறப்புச் சான்றிதழோ காணி அனுமதிப் பத்திரமோ வேண்டிப் பிரதேச செயலகத்தின் வாயிலில் நின்ற ஒவ்வொருவருக்கும் உரியது.

முகில் என்ற பெயரைக் கேட்டு, தரவுகள் வானத்தில் மிதக்கின்றன என்று எவரும் எண்ணுதல் வேண்டா. அவை எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில், குளிரூட்டிய அறையில், அடுக்கடுக்காக நிற்கும் சேவையகங்களில் இருக்கின்றன. அந்தச் சேவையகங்கள் நம்முடையன அல்ல. வேறொருவர் நடத்த, நாம் இணையத்தின் வழியாகப் பயன்படுத்துகின்றோம். அவ்வளவே முகில்.

நமது பகுதியின் கச்சேரி நெடுங்காலமாகப் பழைய ஒல்லாந்தர் கோட்டைக்குள்ளேயே இயங்கி வந்தது. 1628ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கட்டி, பத்தாண்டு கழித்து ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. தடித்த மதில், வாவி நீர், வாயிற் காவல் என்பனவே அந்நாளைய பாதுகாப்பு. ஏடு அலுமாரியில் இருக்கும். அலுமாரி கோட்டைக்குள் இருக்கும். திறப்பு இலிகிதரின் இடுப்பில் இருக்கும். ஏடு களவு போனால் கதவு உடைந்திருக்கும், அதனை யாரும் காண்பர்.

அத்தகைய ஏடுகள் எத்தனை முறை அழிந்தன என்பதை இக்கரையார்க்கு எடுத்துரைத்தல் வேண்டுவதில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியில் கூரைகளோடு கடதாசிகளும் பறந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் திருச்செந்தூரையும் அள்ளிச் சென்றபொழுது, பெட்டகத்தில் இருந்த உறுதிகளும் சேர்ந்தே சென்றன. இடையில் நிகழ்ந்த போரில் மாற்றுடையோடு ஓடியவர் பிறப்புச் சான்றிதழை நினைத்தாரல்லர். தாம் பிறந்ததை மெய்ப்பிக்க ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் அலைந்தவர் எழுவான்கரையிலும் உண்டு, படுவான்கரையிலும் உண்டு. ஆகவே, ஏடுகளைக் கடலும் தீயும் எட்டாத தொலைவில் வைக்கலாம் என்று சொன்னபொழுது, அதனை வரவேற்றது நியாயமே. நானும் அதனைக் குறை கூறேன். ஏட்டை இடம் மாற்றியபொழுது காவலையும் உடன் அனுப்பினோமா என்பதே என் கேள்வி.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 26ஆம் நாள், ஒரு சனிக்கிழமை, இலங்கை அரசாங்கம் தன் அலுவலகங்களுக்காக நடத்திவந்த அரசாங்க முகிலிலே கப்ப மென்பொருள் ஒன்று புகுந்தது. கப்ப மென்பொருள் என்பது, உள்ளே நுழைந்து ஆவணங்கள் யாவற்றையும் இரகசியக் குறியீட்டாற் பூட்டிவிட்டு, திறப்பு வேண்டுமாயின் பணம் தருக என்று கேட்கும் தீய நிரல். அரசாங்கத்தின் இணையப் பெயரில் இயங்கிய ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் அதனாற் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடங்கும். பன்னிரண்டு மணி நேரத்துள் இயக்கம் மீட்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளவில்லை. உடனிருந்த காப்புப் பிரதியும் பூட்டப்பட்டுவிட்டது. தனியே எடுத்து வைத்த பிரதி அக்காலத்துக்கு இல்லை. நூறு நாளுக்கு மேற்பட்ட அரசாங்கக் கடிதப் போக்குவரத்து ஒரேயடியாக மறைந்தது.

இதனைப் பற்றித் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவரகம் வெளியிட்ட செய்திகள் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. மடல்களை நடத்திய மென்பொருள் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ் 2013. அதற்கு நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2023 ஏப்ரல் 11ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதனைப் புதுப்பிக்கும் எண்ணம் 2021ஆம் ஆண்டு முதலே இருந்தது. நிதிக் குறைவும் முன்னைய சபையின் சில தீர்மானங்களும் தடையாயின என்றனர். இன்னொரு செய்தியும் உண்டு. தாக்குதலுக்கு முன் சில வாரங்களாகவே, ஐயத்துக்குரிய இணைப்புகளைக் கொண்ட மடல்கள் உத்தியோகத்தர்க்கு வந்துகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றை எவரோ அழுத்தியிருக்கக்கூடும் என்று கருதப்பட்டது.

‘சில வாரங்கள்’ என்ற அச்சொல்லிலேயே என் மனம் நிலைத்து நிற்கின்றது. மேசையில் இருக்கும் ஓர் உத்தியோகத்தருக்கு அது ஒரு பிழையான மடல். அழித்துவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார். பக்கத்து மாவட்டத்தில் இருப்பவருக்கும் அது ஒரு மடலே. எல்லா மேசைகளுக்கும் வந்தவற்றை ஒரே இடத்திற் குவித்துப் பார்ப்பவனுக்குத்தான் அது படையெடுப்பின் முன்னணி என்பது புலப்படும். கண்காணிப்பு என்று நான் சொல்வது இக்குவித்துப் பார்க்குஞ் செயலையே.

அதற்கு மூலப்பொருள் நிகழ்வுப் பதிவேடு. முகிலில் இயங்கும் ஒவ்வொரு மென்பொருளும், தன்னிடம் வந்தவர் யார், எந்த முகவரியிலிருந்து வந்தார், எப்பொழுது வந்தார், என்ன கேட்டார், அது கொடுக்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்பவற்றை ஒரு வரியாக எழுதிவைக்க வல்லது. எழுதச் சொன்னால்தான் எழுதும் என்பதையும் கூறிவிட வேண்டும். பல சேவைகளில் அவ்வசதி பணித்தாலன்றி இயங்குவதில்லை. உள்ளே வந்தவரை மாத்திரம் எழுதுதல் போதாது. ஒருவருடைய அதிகாரம் கூட்டப்பட்டதையும், புதிய திறப்பு ஒன்று உண்டாக்கப்பட்டதையும், வழக்கத்துக்கு மேலாகத் தரவு வெளியே சென்றதையும் எழுத வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, பதிவேடு எழுதுவதை எவரேனும் நிறுத்தியதையும் எழுத வேண்டும். கைதேர்ந்த கள்வன் முதலில் அணைப்பது விளக்கையே.

எழுதத் தகாதனவும் உள. கடவுச்சொல்லைப் பதிவேட்டில் எழுதுதல், வீட்டுத் திறப்பை வாயிற்படியில் வைப்பதை ஒக்கும். தேசிய அடையாள அட்டை இலக்கம், நோயாளியின் நோய் விபரம் முதலியன பதிவேட்டுள் நழுவி வந்துவிடாதவாறு மறைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிய நாட்டில் இது விருப்பத்துக்கு விட்ட விடயமாக இருக்க முடியாது. பதிவேடும் அதனால் காக்கப்படும் மென்பொருளும் ஒரே இடத்தில் இருத்தலும் ஆகாது. எழுதலாம், அழிக்க முடியாது என்னும் தன்மையுள்ள வேறொரு களஞ்சியத்துக்கு அது உடனுக்குடன் போய்ச் சேர வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். முகிற் சேவைகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்திலேயே பதிவு செய்கின்றன. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. பதிவேட்டில் இரவு 8 மணி என்று காணப்படும் நிகழ்ச்சி, களுவாஞ்சிக்குடியில் மறுநாள் அதிகாலை 1.30க்கு நடந்தது. இதனை உணராதவர், வேலை முடியப் பிந்திய ஒருவருடைய செயலென்று எண்ணி அதனை விட்டுவிடுவார். இரண்டு சேவையகங்களின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று சில நிமிடம் முரண்பட்டாற்கூட, எது முந்தியது, எது அதனால் விளைந்தது என்று கோத்தறிய இயலாது போகும்.

இவ்வளவும் செய்து பதிவேட்டை எழுதினாலும், அதனைப் படிப்பார் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் பெருவங்கிகளுள் ஒன்றாகிய கப்பிற்றல் வன் 2019ஆம் ஆண்டிலே பட்ட பாடு இதற்குச் சான்று. அவ்வங்கி தன் தரவை அமேசன் நிறுவனத்தின் முகிலில் வைத்திருந்தது. வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைச் சோதித்து உள்ளே விடும் வாயிற்காப்பு மென்பொருள் ஒன்றும் அமைத்திருந்தது. அதன் அமைப்பில் ஒரு பிழை இருந்தது. ஆகவே வெளியில் நின்ற ஒருவர் கொடுத்த கோரிக்கையை அவ்வாயிற்காவலே தன் கோரிக்கையாக உள்ளே கொண்டுசென்று சமர்ப்பித்தது. உள்ளிருந்த சேவை அதனை நம்பித் தற்காலிகத் திறப்பொன்றைக் கொடுத்தது. அத்திறப்புக்கோ வேண்டியதற்கு மேற்பட்ட அதிகாரம் வழங்கப்பட்டிருந்தது. களஞ்சியங்களைப் பட்டியலிடவும், பிரதி செய்யவும் அது போதுமாயிற்று. அமெரிக்காவில் 10 கோடி பேரும் கனடாவில் 60 இலட்சம் பேரும் அதனாற் பாதிக்கப்பட்டனர்.

களவு நிகழ்ந்தது மார்ச் 22, 23ஆம் நாட்களில். வங்கிக்குச் செய்தி எட்டியது ஜூலை 17ஆம் நாள்; அதுவும் வெளியார் ஒருவர் எழுதிய மின்னஞ்சலால். ஏறக்குறைய நான்கு மாதம். இதிலே வருந்தத்தக்கது யாதெனில், பதிவேடு இருந்தது. பின்னர் விசாரணையாளர் அதனைப் புரட்டியபொழுது, முகவரியை மறைத்து வரும் வலைப்பின்னல் வழியாக வந்த தொடர்புகளும், களஞ்சியங்களைக் கேட்ட கட்டளைகளும் அதிலே எழுதப்பட்டேயிருந்தன. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டு வங்கி மேற்பார்வை அதிகாரிகள் 8 கோடி டொலர் தண்டம் விதித்தனர். நீருக்குள் ஒலி இருந்தது, துடுப்பைப் பிடித்தவர் இல்லை.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 2023ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், நம் அரசாங்க முகில் தாக்கப்படுவதற்கு ஏறத்தாழ பத்து வாரத்துக்கு முன், அமெரிக்க இராசாங்கத் திணைக்களத்தின் காவற்கூடத்தில் ஓர் எச்சரிக்கை ஒலித்தது. அவர்களுடைய மடல்கள் மைக்ரோசொப்ட்டின் முகிலில் இருந்தன. எந்த மடல், எந்த மென்பொருளால் திறக்கப்பட்டது என்பதைக் காட்டும் நுண்ணிய பதிவேட்டை அத்திணைக்களத்தார் வாங்கி வைத்திருந்தனர். வழக்கத்துக்கு மாறான மென்பொருள் மடலைத் திறந்தால் தமக்கு அறிவிக்குமாறு ஒரு விதியையும் தாமே எழுதியிருந்தனர். அவ்விதிதான் ஒலித்தது. அடுத்த நாள் நிறுவனத்துக்கு அறிவித்தனர். திருடப்பட்ட ஒரு கையொப்பத் திறப்பைக் கொண்டு போலி அனுமதிச் சீட்டுகளை உண்டாக்கி, 22 நிறுவனங்களின் மடற்பெட்டிகளுள் நுழைந்திருந்த பெருங்களவு அவ்வாறு வெளிப்பட்டது. அத்திணைக்களத்திலிருந்து மாத்திரம் சுமார் 60,000 மடல்கள் போயிருந்தன. முகிலை நடத்திய நிறுவனத்தின் கண்ணுக்குத் தப்பியது, வாடிக்கையாளர் கண்ணிற் பட்டது.

அந்நுண்ணிய பதிவேடு அக்காலத்தில் உயர்ந்த கட்டணம் செலுத்தினார்க்கே கிடைத்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. தன் வீட்டுக்குள் யார் வந்தார் என்று அறிவதற்கு வீட்டுக்காரனிடமே தனிக் கட்டணமா என்று பலரும் கேட்டனர். 2023 ஜூலையில், மேலும் பல பதிவுகளை மேலதிகக் கட்டணமின்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. பணம் உடைய பேரரசின் திணைக்களம் ஒன்று விழிப்பாக இருந்தமையாலே, அதனைப் பெற இயலாத சிற்றலுவலகங்களும் பயன் பெற்றன. இதிலே நமக்கு மகிழ்ச்சி பாதி, வெட்கம் பாதி.

இனி, எதனைக் கண்டால் எச்சரிக்கை எழுப்புவது? இங்கேதான் அனுபவம் வேண்டும். மாரிகாலத்திலே பாலமீன்மடு முகத்துவாரத்தை வெட்டுவது பற்றி எழும் வாதத்தை நேயர்கள் அறிவீர்கள். நீர் உயர்கிறது என்று மிக விரைந்து வெட்டினால், வாவி நீர் கடலோடு ஓடிவிடும்; மீன்பிடிப்போர் குறை சொல்வர். பிந்தினால் படுவான்கரை வயல்கள் மூழ்கும். கமக்காரர் குறை சொல்வர். எந்த அளவில் வெட்டுவது என்பதைப் பல மாரிகளின் நீர்மட்டத்தைக் கண்டவர்தான் சொல்ல முடியும். எச்சரிக்கை எல்லையும் அவ்வாறே. பிழையான கடவுச்சொல் ஒவ்வொன்றுக்கும் மணி அடித்தால், ஒரு நாளைக்கு ஆயிரம் மணி அடிக்கும். மூன்றாம் நாள் காவலர் மணியின் வாயைத் துணியாற் கட்டிவிடுவார். எல்லையை மிக உயர்த்திவிட்டாலோ, வெள்ளம் வீட்டுக்குள் வந்த பின்னரே மணி அடிக்கும். ஆகவே முதலிற் சில கிழமை அமைதியாகக் கவனித்து, இவ்வலுவலகத்தின் வழக்கம் இது என்று அறிதல் வேண்டும். மாத முடிவில் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும்பொழுது தரவுப் போக்குவரத்து பெருகுவது இயல்பு. நடுநிசியில் அதே அளவு பெருகுவது இயல்பன்று. காலை 10 மணிக்கு வாழைச்சேனையில் நுழைந்த உத்தியோகத்தர், 10.20க்கு வேறொரு கண்டத்திலிருந்து நுழைவது எவ்வகையாலும் இயல்பன்று.

பரீட்சை எழுதும் இளைஞர்க்குச் சில சொற்கள். முகிற் பாதுகாப்புக்கென்று உலகளாவிய சான்றிதழ்கள் பல உள. அவற்றுள் ஐ.எஸ்.சி.-2 என்னும் சங்கம், முகிற் பாதுகாப்புக் கூட்டணியோடு சேர்ந்து 2015ஆம் ஆண்டில் தொடங்கிய நிபுணர் சான்றிதழ் பலராலும் நாடப்படுவது. அதன் ஆறு பகுதிகளுள் ஒன்று பிரயோக மென்பொருட் பாதுகாப்பு, இன்னொன்று அன்றாடப் பாதுகாப்புச் செயற்பாடு; நாம் பேசும் விடயம் இவ்விரண்டுக்கும் நடுவிலே நிற்கின்றது. வந்தாறுமூலையிற் பயிலும் மாணாக்கர் சிலர், வினாவிடைத் தொகுதிகளை வாங்கி மனனஞ் செய்கின்றனர். மனனத்தை நான் இகழேன்; சொல் தெரியாமற் பொருள் தெரியாது. ஆயினும் அப்பரீட்சைகளில் நான்கு விடையும் சரிபோலவே தோன்றும். நிரலை இயக்காமல் அதன் வரிகளைப் படித்துக் குறை காண்பது ஒன்று. அதனை இயக்கிவிட்டு வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பது இன்னொன்று. இவை இரண்டும் மென்பொருள் மக்கள் கைக்குப் போகுமுன் செய்யும் சோதனைகள். கண்காணிப்போ, அது போன நாளிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை நடப்பது. கப்பிற்றல் வன் வங்கிக்கு இவற்றுள் எது எந்த நாளில் உதவியிருக்கும் என்று ஒரு தாளிலே எழுதிப் பாருங்கள். அவ்வாறு எழுதியவர்க்கு வினாவின் சூழ்ச்சி தானே விளங்கும்.

மேலும், பொறுப்பு யாருடையது என்று வினவும் வினாக்கள் மிகுதி. சேவையகக் கட்டடத்தின் காவல் எப்பொழுதும் முகிலை நடத்துவோருடையது. இயந்திரத்தை மாத்திரம் வாடகைக்குப் பெற்றால், அதன்மேல் ஏற்றிய மென்பொருளையும் அதன் பதிவேட்டையும் காப்பது நம் கடன். முழு மென்பொருளையும் சேவையாகப் பெற்றால், இயக்கம் அவர்களுடையது. யாருக்கு அனுமதி கொடுத்தோம் என்பதும், உள்ளே வைத்த தரவும் எந்நிலையிலும் நம்முடையனவே. ‘முகிலில் இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்னும் சொல்லைப் பல அலுவலகங்களிற் கேட்கின்றேன். என்ன பார்ப்பார்கள், எதனைப் பார்க்கமாட்டார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அதனைப் படித்தவரைத்தான் நான் அதிகம் சந்தித்ததில்லை.

பெரிய காவற்கூடம் அமைக்கப் பணமில்லாத சிறிய அலுவலகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் என்ன செய்யலாம்? 2023ஆம் ஆண்டுச் சேதத்தின் பின்னர், இணையத்தோடு தொடர்பற்ற காப்புப் பிரதியை நாள்தோறும் எடுக்கும் ஏற்பாட்டை முகவரகம் மேற்கொண்டது. அது எவரும் செய்யக்கூடியது. எடுத்த பிரதியை மாதம் ஒரு முறை திறந்து பார்த்தலும் வேண்டும். திறவாத பிரதி இருக்கிறதா இல்லையா என்பது எவருக்குந் தெரியாது. பதிவேட்டுச் சுருக்கத்தைக் காலையில் தேநீருக்கு முன் கால்மணி நேரம் ஒருவர் படித்தால், மாதம் ஒன்றுக்குள் அவர் கண்ணுக்கு வழக்கமும் வழக்கமல்லாததும் பிரிந்து தோன்றும். அவர் விடுமுறையில் போனால் அடுத்தவர் யார் என்பதும் எழுதியிருக்க வேண்டும். சனிக்கிழமையும் போயா நாளும் தைப்பொங்கலும் கள்வர்க்கு வேலை நாட்கள்.

ஐயம் எழுந்தால், 2006ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சேர்ட் என்னும் இலங்கைக் கணினி அவசர உதவி அமைப்புக்கு அறிவிக்கலாம். அதன் தொலைபேசி இலக்கத்தையும், முகிற் சேவையாளரின் இலக்கத்தையும், அன்றைய பொறுப்பாளரின் பெயரையும் ஒரு கடதாசியில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவையுங்கள். கடதாசியில் என்று அழுத்திச் சொல்கின்றேன். மின்னஞ்சல் பூட்டப்பட்ட காலையில், மின்னஞ்சலுக்குள் குறித்து வைத்த இலக்கத்தை எடுக்க முடியாது.